கிரேனை யார் பார்ப்பது? கம்பெனி ஒப்பந்தம், பட்டறை, சொந்த மெக்கானிக், வாடகை வண்டி

சேலத்தில் கட்டிட வேலை எடுத்துச் செய்பவர் கையில் ஒரு ஹைட்ரா கிரேன் வந்துவிட்டால், கடன் தவணைக்கு அடுத்தபடியாக அவரைக் குடைவது அதை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். விற்ற கம்பெனியோடு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடலாம்; ஏஎம்சி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கப் பட்டறைகளில் ரிப்பேர் வரும்போது மட்டும் விடலாம். மாதச் சம்பளத்துக்கு ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொள்ளலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சொந்த வண்டியை விற்றுவிட்டு வாடகை வண்டியிலேயே காலத்தை ஓட்டலாம்.

எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடைசியாக எதில் அடிபட்டாரோ அதற்கு நேர்மாறானதைத்தான் ஒவ்வொருவரும் சிபாரிசு செய்வார். எனக்கு, முழு வண்டியையும் ஒரே கையில் ஒப்படைக்கிற யோசனையே பிடிப்பதில்லை. கிரேனில் சில பாகங்கள் கெட்டால் வேலை மட்டும் நிற்கும். சில பாகங்கள் கெட்டால் பாரம் ஆள் மேல் விழும். இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே விலைப் பேச்சில் கொடுப்பதால்தான் பாதிக் குழப்பம். இன்னொன்று, ரிப்பேர் செய்த கையே "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்தும் போடக் கூடாது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்ப்போம்.

எதைப் பிரிப்பது

எஞ்சின், கிளட்ச், செல்ஃப் மோட்டார், டைனமோ, டயர், லைட், சீட், கண்ணாடி: இவை ஓட்டம் சார்ந்தவை. தூக்கும்போது எஞ்சின் நின்றுபோனால் பாரம் அந்தரத்தில் நிற்கும். எரிச்சல் வரும், நேரம் போகும், அவ்வளவுதான். வயர் ரோப், கொக்கி, பாரத்தைத் தாங்கும் நீண்ட கையான பூம், பூமைத் தூக்கும் சிலிண்டர், அந்தச் சிலிண்டரில் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங் வால்வு, ரோப்பைச் சுற்றும் வின்ச்சின் பிரேக், லிமிட் சுவிட்ச், ஓவர்லோடு அலாரம்: இவை பாரம் சார்ந்தவை. வண்டியின் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நான் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் சேர்ப்பேன். ஹைட்ரா பாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டே நகரும் வண்டி. அது திடீரென்று நின்றாலும் ஆபத்து, நிற்காவிட்டாலும் ஆபத்து.

பாரம் சார்ந்த பாகங்களை யார் பார்த்தாலும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் ஏஎம்சி போட்டாலும் ஏமாறுவார், பட்டறையில் விட்டாலும் ஏமாறுவார். வயர் ரோப்பையே எடுத்துக்கொள்வோம். 1998-ல் வந்த கட்டிடத் தொழிலாளர் மத்திய விதிகளில் எளிய அளவு ஒன்று உண்டு. ரோப்பின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் வெளியே தெரியும் அறுந்த கம்பிகளை எண்ண வேண்டும். ரோப்பில் உள்ள மொத்தக் கம்பிகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அறுந்திருந்தால் அந்த ரோப் ஆகாது. 16 மில்லிமீட்டர் ரோப் என்றால் 128 மில்லிமீட்டர் நீளம், அதாவது ஐந்து அங்குலம். 6×36 ரகமாக இருந்தால் ஆறு புரி, புரிக்கு 36 கம்பி, ஆக 216. அந்த ஐந்து அங்குலத்துக்குள் 22 கம்பி அறுந்து தெரிந்தால் ரோப்பைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

இருபத்திரண்டு வரும்வரை காத்திருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எல்லா அறுப்பும் ஒரே புரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நாலைந்திலேயே நான் மாற்றச் சொல்வேன். ரோப் நசுங்கித் தட்டையாகியிருந்தாலும், முறுக்கு விட்டுக் கூண்டு மாதிரி உப்பியிருந்தாலும், உள்ளே துருப்பிடித்துச் செந்நிறப் பொடி உதிர்ந்தாலும் எண்ணிக்கைக்கே போக வேண்டாம். பார்க்கும் முறையும் சுலபம். தோல் கையுறை போட்டுக்கொண்டு, பழைய பருத்தித் துணியை ரோப்பைச் சுற்றி லேசாகப் பிடித்தபடி ஆபரேட்டரை மெதுவாகக் கொக்கியை இறக்கச் சொல்ல வேண்டும். அறுந்த கம்பி இருந்தால் துணியின் நூலை இழுக்கும். உடனே நிறுத்தி அந்த இடத்தைப் பார்க்கலாம். கப்பிக்கும் டிரம்முக்கும் கைக்கும் நடுவே நல்ல தூரம் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். தினமும் ஒரே உயரத்துக்குத் தூக்கும் சைட்டில், கப்பி மேல் எப்போதும் உட்காருகிற அந்த ஒரு துண்டு மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் தேயும். அங்கேதான் முதலில் துணியை வைக்க வேண்டும்.

பூம் சிலிண்டருக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மிதமான பாரத்தைத் தரையிலிருந்து ஒரு ஜாண் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சிலிண்டரின் பளபளப்பான ராடில், அது உள்ளே நுழைகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கோடு நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நகர்ந்திருந்தால் எண்ணெயைத் தடுக்கும் சீல் போயிருக்கலாம், ஹோல்டிங் வால்வு கசியலாம். எது என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை. நகர்கிறது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. சும்மா சீல் கிட் மட்டும் மாற்றிவிட்டு வால்வைத் திறந்தே பார்க்காமல் பில் போடுகிறவர்கள் இருப்பதால், ரிப்பேருக்குப் பிறகு இதே சோதனையை நம் கண் முன்னால் திரும்பச் செய்யச் சொல்வது நல்லது.

கம்பெனி ஒப்பந்தம்

இதன் பலம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஓவர்லோடு அலாரத்தை அளவு சரிபார்க்க அவர்களிடம்தான் முறையும் கருவியும் இருக்கும். எந்த போல்ட்டை எவ்வளவு டார்க்கில் முறுக்க வேண்டும் என்கிற பட்டியல் இருக்கும். ஒரிஜினல் ஸ்பேர் சந்தேகமில்லாமல் வரும். சுழலும் கிரேன்களில் மேல் உடலையும் கீழ் சேஸிஸையும் இணைக்கிற ஸ்லூயிங் ரிங் போல்ட்டுகளை நினைத்துப் பாருங்கள். உயர் வலிமை ரகம், தலையில் 10.9 என்று பொறித்திருக்கும். ஒன்று தளர்ந்தால் அதன் பங்குச் சுமை பக்கத்துப் போல்ட்டுகள் மேல் ஏறும். கடையில் கிடைத்த 8.8 போல்ட்டை அந்தத் துளையில் மாட்டினால், அந்தத் தலை எழுத்தைத் தவிரப் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இந்த மாதிரி இடத்துக்குக் கம்பெனி ஆள்தான் சரி, கூலி கூடினாலும்.

பலவீனம் ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கும். ஓஸ் (எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்), ரோப், பிரேக் லைனிங், ஃபில்டர், எண்ணெய் எல்லாம் "தேய்மானப் பொருள்" என்று பட்டியலிலிருந்து வெளியே நிற்கும். கிரேனில் தேயாத பொருள் எது என்று கேட்கத் தோன்றும். வருடத்துக்கு எத்தனை முறை வருவார்கள், புகார் கொடுத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், அந்த ஆள் சேலத்திலேயே இருக்கிறாரா, கோவையிலிருந்து பஸ் ஏற வேண்டுமா, ஏற்காட்டில் வண்டி நின்றால் மேலே வருவாரா: இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வாய்மொழியாக "வந்துடுவாங்க சார்" என்பதெல்லாம் கான்கிரீட் போடுகிற நாளில் செல்லாது.

வருகிற சர்வீஸ் ஆள் என்ன பார்த்தார் என்பதும் தாளில் இருக்க வேண்டும். "ஜெனரல் செக்கப், ஓகே" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போனால் அந்தக் காசு வீண். ரோப்பின் விட்டம் இன்று எத்தனை மில்லி, கொக்கியின் வாய் எத்தனை மில்லி திறந்திருக்கிறது, கோடு நகர்ந்ததா: எண்ணாக எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த தாளோடு ஒப்பிட்டால் தேய்மானம் எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும். கொக்கியின் வாய் விரிகிறது என்றால் அது அளவுக்கு மீறித் தூக்கிய கொக்கி. அதை மாற்றுவதோடு, யார் எதைத் தூக்கினார்கள் என்றும் விசாரிக்க வேண்டும்.

உள்ளூர்ப் பட்டறை

சேலம் வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், நாமக்கல்லில் பாடி கட்டும் தொழில். இந்த மூன்றும் சேர்ந்து இந்தப் பகுதியில் டீசல் எஞ்சினும் ஹைட்ராலிக்கும் தெரிந்த கைகளை வளர்த்து வைத்திருக்கின்றன. ரிக் வண்டி நாடு முழுக்கப் போய் நடுக்காட்டில் நின்றாலும் பம்பைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் இங்கே சாதாரணமாகக் கிடைப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஓஸ் வெடித்தாலும் காலைக்குள் வண்டி ஓடும். கம்பெனியிடம் இதை எதிர்பார்க்க முடியாது. பின்னிங், புஷ், லேத் வேலை, கிளட்ச், ரேடியேட்டர், செல்ஃப் எதற்கும் பட்டறைதான் சிக்கனம், பட்டறைதான் வேகம். ஓட்டம் சார்ந்த கூட்டம் முழுவதையும் தயங்காமல் இங்கே கொடுக்கலாம்.

பாரம் சார்ந்த பக்கம் வரும்போதுதான் அதே கைப்பழக்கம் எதிராகத் திரும்பும். ரிக்கில் பிரஷர் போதவில்லை என்றால், எண்ணெய் அழுத்தம் அளவு மீறாமல் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைக் கொஞ்சம் முறுக்கிவிடுவது வழக்கம். அங்கே கெட்டால் பம்ப் கெடும். கிரேனில் ரிலீஃப் வால்வு என்பது "இதற்கு மேல் தூக்காதே" என்று இயந்திரமே போட்டுக்கொண்ட வேலி. "அண்ணா, ஒரு சுத்து திருகுனா தூக்கிரும்ணா" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். தூக்கத்தான் செய்யும், பூமும் பின் சக்கரமும் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. வால்வின் லாக் நட்டில் ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால் யார் தொட்டாலும் மறுநாள் தெரிந்துவிடும்.

வெல்டிங் அடுத்த விஷயம். பூம் பெட்டி சாதாரணக் கட்டிட இரும்பு இல்லை. பல வண்டிகளில் அது உயர் வலிமைத் தகடு. முறை தெரியாமல் வெல்டு வைத்தால், சூடு பட்ட ஓரம் பழைய வலிமையில் இருக்காது. வெல்டு பளிச்சென்று நிற்கும், பக்கத்துத் தகடு கிழியும். பூமில் விரிசல் தெரிந்தால் கம்பெனிதான், அவர்கள் சொல்லும் முறைதான், அப்புறம் பரிசோதனைதான். கொக்கியில் வெல்டிங் என்ற பேச்சே கூடாது. பூட்டு நாக்கு உடைந்தால் நாக்கை மாற்றலாம். கொக்கியின் உடம்பில் தீ வைக்கக் கூடாது.

ஓஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறையில் அதிகம் மாற்றுவது அதைத்தான். ஆர்-1 ஓஸில் உள்ளே ஒரு அடுக்குக் கம்பிப் பின்னல், ஆர்-2-ல் இரண்டு அடுக்கு. மேலே இரண்டும் கறுப்பு ரப்பர்தான். அவசரத்தில் இருக்கிறதை வெட்டி, முனை இணைப்பை அழுத்திப் பொருத்தி, அதாவது கிரிம்ப் அடித்துக் கொடுத்துவிட்டால் கிரேன் அன்றைக்கு ஓடும். ஒரு மாதம்கூட ஓடும். பழைய ஓஸின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு அதே ரகம், அதே அழுத்த அளவு வேண்டும் என்று கேளுங்கள். வேலை அழுத்தத்தைப் போல நான்கு மடங்கில்தான் வெடிக்க வேண்டும் என்பது இந்த ஓஸ்களுக்குப் பொதுவான கணக்கு. அந்த இடைவெளியைத் தின்று வண்டி ஓட்டக் கூடாது. மாட்டியபின் ஓஸ் எங்கே உரசுகிறது என்றும் பூமை முழுக்க மேலே, கீழே, வெளியே விட்டுப் பாருங்கள். ஓஸ் கசிகிறதா என்று கையை வைத்துத் தடவிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். ஊசி முனைத் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டைத் துண்டை நீட்டினால் போதும்.

ரோப் முனையில் யூ-கிளாம்ப் போடும் இடமும் கவனிக்க வேண்டியது. கிளாம்பின் தட்டையான சேணப் பக்கம் பாரம் இழுக்கும் ரோப்பின் மேல் உட்கார வேண்டும். வளைந்த யூ பக்கம் வெட்டி மடக்கிய வால் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி, சுமை தாங்கும் ரோப்பையே கடித்து நசுக்கும். சைட்டில் நடந்து போகும்போதே பார்த்துவிடலாம், ஏணிகூட வேண்டாம்.

சொந்த மெக்கானிக்

வண்டி மூன்று, நான்கு ஆனபின்தான் இது கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு. ஒற்றை வண்டிக்கு ஆள் போட்டால் அவர் பாதி நாள் சிமென்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். ஆனால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் இவர் தரும் பலனை வேறு யாரும் தர முடியாது. கிரீஸ் அடிப்பது, தளர்ந்ததை முறுக்குவது, ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவது, ஆபரேட்டர் "ஏதோ சத்தம் வருது" என்று சொன்ன அன்றே கேட்டுப் பார்ப்பது. பெரிய ரிப்பேர்களில் பல, சின்னச் சத்தமாகத்தான் ஆரம்பிக்கின்றன.

இவரிடம் உள்ள சிக்கல் தொழில் தெரியாததில் இல்லை. சம்பளம் கொடுப்பவர் நீங்கள். நாளைக்கு ஸ்லாப், சென்ட்ரிங் தயார், வண்டி வேண்டும் என்று நீங்கள் நிற்கும்போது "ரோப் சரியில்லை, ஓட்ட வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்? அதனால் வண்டியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கும் ஆபரேட்டருக்கும் உண்டு என்பதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். லிமிட் சுவிட்ச் வேலை செய்யவில்லை, வயரைக் கட்டி வைத்து ஓட்டுகிறோம் என்பது மாதிரி ஏற்பாடுகள் இந்த அதிகாரம் இல்லாத இடத்தில்தான் முளைக்கின்றன. கொக்கி பூம் முனையில் போய் முட்டினால் ரோப் அறுந்து கொக்கி கீழே வரும். அதைத் தடுக்கத்தான் அந்தச் சுவிட்ச். அது கெட்டால் ஓட்டம் சார்ந்த ரிப்பேர் என்று தள்ளிப்போட முடியாது.

டவர் கிரேனைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு அது வந்தால், நிறுத்துவதும் உயர்த்துவதும் பிரிப்பதும் பராமரிப்பதும் கம்பெனி அல்லது அதற்கென்றே இருக்கும் குழுவின் வேலை. பட்டறைக்கு அங்கே இடமில்லை. ஒன்றை மட்டும் நாமே தினமும் பார்க்கலாம்: வேலை முடிந்தபின் சுழலும் பிரேக்கை விடுவித்து, காற்று போகிற பக்கம் ஜிப் (மேலே நீண்டிருக்கும் கை) தானாகத் திரும்பும்படி விட்டிருக்கிறார்களா என்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பூட்டிவைத்த ஜிப் அத்தனையையும் தன் முதுகில் வாங்கும்.

கையெழுத்து யாருடையது

மேலே சொன்ன மூவரில் யாரை வைத்தாலும் பரிசோதனைக்கு நான்காவது ஆள் வேண்டும். அதே 1998 விதிகளில், தூக்கும் இயந்திரத்தைத் தகுதியுள்ள நபர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. முதல் முறை பயன்படுத்தும் முன்பும், வலிமையைப் பாதிக்கும் மாற்றமோ ரிப்பேரோ செய்தபின்னும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். சோதனைப் பாரம் 20 டன் வரையுள்ள கிரேனுக்கு அதன் அளவைவிட 25 சதவீதம் கூடுதல்; 20-லிருந்து 50 டன் வரை 5 டன் கூடுதல்; அதற்கு மேல் 10 சதவீதம் கூடுதல். அதாவது 12 டன் வண்டிக்கு 15 டன். தொழிற்சாலைக்குள் ஓடும் கிரேனுக்கு, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29வது பிரிவிலும் 12 மாதக் கணக்குத்தான் இருந்தது. பூம் சிலிண்டரை மாற்றிவிட்டு, பழைய சான்றிதழ் இன்னும் எட்டு மாதம் ஓடும் என்று நினைப்பது இங்கே சாதாரணம். அந்த ரிப்பேரோடு அந்தச் சான்றிதழ் முடிந்துபோனது.

ஆர்.டி.ஓ. கொடுக்கும் எஃப்.சி.யை, அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழை, இதோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. எஃப்.சி. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று சொல்லும். தூக்கத் தகுதியானதா என்பது அதில் வராது. அதேபோல் இன்சூரன்ஸ். ரோட்டில் மோதினால் கிடைப்பது, தூக்கும்போது கவிழ்ந்தால் கிடைக்காமல் போகலாம். கவிழ்வதற்குத் தனி பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

தகுதியுள்ள நபர் என்று சொல்லிக்கொண்டு வண்டியைப் பார்க்காமலே ஃபோட்டோவை வாங்கிச் சான்றிதழ் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் குறைவாக இருக்கும், அன்றைக்கே வரும். பெரிய கம்பெனி சைட் வாசலில் அந்தத் தாள் சில நேரம் செல்லவும் செல்லும். விபத்து என்று வந்தால் அந்தத் தாள்தான் நமக்கு எதிரான முதல் சாட்சி. நேரில் வந்து, பாரம் ஏற்றி, ரோப்பைத் தொட்டுப் பார்க்கிறவரை வையுங்கள். அவர் உங்கள் ஏஎம்சி கம்பெனியின் ஆளாகவோ, உங்கள் பட்டறைக்காரருக்கு வேண்டியவராகவோ இருக்கக் கூடாது.

ஏற்காட்டு வேலை என்றால்

இதுவரை சமவெளிக்குச் சொன்ன கணக்கு மலையேறினால் மாறிவிடும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போனால் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். நீளமான டிரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் திரும்புவது பெரும்பாடு என்பதால் ஹைட்ரா பெரும்பாலும் தன் சக்கரத்தில்தான் ஏறும். ஏறுவதில் பயமில்லை, டர்போ இல்லாத எஞ்சின் உயரத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் விஷயம். முன்னால் பூமைச் சுமந்துகொண்டு கீழே வரும் வண்டி பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். மலைக்குப் போகும் முன் அடிவாரத்திலேயே பிரேக் லைனிங்கையும் பிரேக் எண்ணெயையும் பார்த்துவிட வேண்டும், கொக்கியை ஆடாமல் கட்டிவிட வேண்டும்.

மேலே மெக்கானிக் கிடைப்பதும் கீழே போல் இருக்காது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்படி ஒரு நாளில் ஏஎம்சியும் பட்டறையும் ஒன்றுதான். இரண்டு பேரும் வர முடியாது. மழைக்காலத்தில் மலையில் வண்டி நிற்கிறது என்றால் அளவு பார்த்து கிரிம்ப் அடித்த இரண்டு ஓஸ், ஓ-ரிங் டப்பா, ஃபில்டர், ஒரு கேன் ஹைட்ராலிக் எண்ணெய், பாரத்தைக் கட்டித் தூக்கும் பெல்ட் சிலிங் ஒரு ஜோடி ஆகியவை வண்டியோடு இருக்க வேண்டும்.

அங்கே மண்ணும் வேறு. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்னால் கொட்டிச் சமப்படுத்திய மனைகள்தான் அதிகம். வெட்டிய பக்கம் கெட்டியாக இருக்கும், கொட்டிய பக்கம் மழையில் இறங்கும். வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தூக்கக் கூடாது. எவ்வளவு தூரத்தில் எத்தனை டன் தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட் என்பது சமதளத்துக்கு மட்டும் எழுதியது. வண்டி 3 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், பூம் முனை 10 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது அது அரை மீட்டர் பக்கத்தில் தள்ளி நிற்கும். வண்டி உடம்பில் 14 டன் என்று எழுதியிருப்பது பூமை உள்ளே இழுத்து மிகக் கிட்டத்தில் தூக்கும்போதுதான். பூம் நீண்டால், தூரம் கூடினால் டன் வேகமாகக் குறையும். அதன் மேல் சரிவும் சேர்ந்தால் சார்ட்டை மூடி வைத்துவிடலாம்.

இதனால் மலை வேலைக்கு வாடகை வண்டிதான் சரி என்று பலர் போகிறார்கள். வேலை குறுகியது என்றால் எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஒரு வில்லாவின் தூண், கூரைச் சட்டம், தண்ணீர் தொட்டி ஏற்றுவதற்காகச் சொந்த வண்டியை இத்தனை வளைவுகளில் ஏற்றி இறக்குவது வீண் தேய்மானம். ஆனால் வாடகை என்றால் பராமரிப்புத் தலைவலி வண்டிக்காரருக்குப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். சைட் உங்களுடையது, கீழே நிற்கும் ஆட்கள் உங்களுடையவர்கள்.

வாடகை வண்டி வாசலுக்கு வந்ததும் உள்ளே விடும் முன் செய்ய வேண்டியது சில நிமிட வேலைதான். சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா, தேதி 12 மாதத்துக்குள்ளா என்று பாருங்கள். கேபினுக்குள் லோடு சார்ட் இருக்கிறதா, ஆபரேட்டரால் அதைப் படிக்க முடிகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். "ஏனுங்க, பூம் முழுக்க வெளிய விட்டா எவ்ளோ தூக்குமுங்க?" என்றால் நல்ல ஆபரேட்டர் சார்ட்டைக் காட்டிப் பதில் சொல்வார். மற்றவர் "எல்லாம் தூக்குமுங்க" என்பார். அப்புறம் கொக்கியை மெதுவாக மேலே ஏற்றச் சொல்லி லிமிட் சுவிட்ச் அதைத் தானாக நிறுத்துகிறதா என்று பாருங்கள். சுவிட்சே இல்லாத பழைய வண்டி என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆபரேட்டருக்கு முன்னால் பூம் மறைத்து நிற்கும் பழைய மாடல்களைப் பல பெரிய சைட்டுகளில் உள்ளேயே விடுவதில்லை. மூடுபனி இறங்கும் ஏற்காட்டில் அந்த மறைப்பு இன்னும் மோசம்.

யாருக்கு எது

மாதத்தில் பாதி நாள்கூட வண்டி ஓடாதவர் வாடகையே எடுத்துக்கொள்ளலாம். நின்றே கிடக்கும் கிரேனில் சீல் காய்ந்து, ரோப் துருப்பிடித்து, வேண்டிய நாளில் அது கழுத்தறுக்கும். ஒன்றிரண்டு ஹைட்ராவைத் தினமும் ஓட்டுபவருக்கு முழு ஏஎம்சி தேவையில்லை என்பது என் கணக்கு. ஓட்டம் சார்ந்ததைப் பட்டறையில் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பணம் கட்டிக் கம்பெனி ஆளை வரவழைத்துப் பாரம் சார்ந்ததை மட்டும் பார்க்கச் சொன்னால் போதும். அந்த வேலைக்கு ஏஎம்சி இல்லாமலும் வருவார்களா என்று வண்டி வாங்கும்போதே கேட்டு வைப்பது நல்லது. விற்கிற நேரத்தில்தான் அவர்கள் வாயிலிருந்து "சரி" சுலபமாக வரும். புது வண்டியில் வாரன்டி முடியும்வரை பட்டறையைத் தொடக் கூடாது, அது தனி. மூன்று, நான்கு வண்டிக்கு மேல் வந்தால் சொந்த மெக்கானிக், கூடவே கம்பெனி ஒப்பந்தம். பட்டறை அப்போதும் இருக்கும், லேத்துக்கும் ஓஸுக்கும்.

வருடாந்திரப் பரிசோதனைத் தேதியைச் செப்டம்பருக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் சோதனைப் பாரம் ஏற்றக் காய்ந்த சமதளம் கிடைப்பது கஷ்டம். பரிசோதனையில் ரோப் கழிந்தது என்றால் புது ரோப் சுற்றி, பாரம் ஏற்றிப் பார்க்க நாலைந்து நாள் கையில் இருக்கும்.